41 டார்ச்சுகளும் அப்பாருவின் ஆணியும்: பதின்மூன்று ஆண்டு அனுபவம்

எங்கள் தோட்டத்து வீட்டின் தலைவாசல் நிலைக்காலில் அப்பாரு (தாத்தா) அடித்த ஆணி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு இரண்டு கட்டை (பேட்டரி) டார்ச் சணல் கயிற்றில் எப்போதும் தொங்கும். யார் எடுத்தாலும் அது அங்கேயே திரும்பி வந்துவிட வேண்டும். வராவிட்டால் அன்று வீட்டில் எல்லோருக்கும் பேச்சு விழும். கட்டை தீர்ந்துபோனால் அடுத்த சந்தை நாளில்தான் புதுக் கட்டை. அதுவரை அந்தச் சோகை பிடித்த மஞ்சள் வெளிச்சத்திலேயே மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுவிட்டு வருவார். இன்று என்னிடம் 41 டார்ச்சுகள் இருக்கின்றன. அவற்றை எங்கே வைப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்று நான் பட்ட பாட்டை எழுத உட்கார்ந்தால் பாதி அந்த ஆணியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பைத்தியம் பிடித்தது 2012-இல். தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டு. எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை வேலை. அங்கேயும் இருட்டு, வண்டியோட்டிக் காங்கேயம் பக்கம் வீடு வந்து சேர்ந்தால் இங்கேயும் இருட்டு. முதலில் வாங்கியது சுவரில் செருகி சார்ஜ் ஏற்றும் பிளாஸ்டிக் லைட். அதன் உள்ளே இருந்த பேட்டரி ஆறு மாதத்தில் செத்தது. பிறகு நல்லதாக ஒன்று, அதைவிட நல்லதாக ஒன்று. ஒன்றை வாங்கினால்தான் முன்னதன் குறை தெரியும் என்பது இந்த நோயின் இலக்கணம். சில ஆண்டுகள் கழித்துக் கான்வாய் எஸ்2 பிளஸ் என்ற ஒல்லி டார்ச் கைக்கு வந்தது. ஒரே ஒரு 18650 செல், பின்பக்கம் ‘டக்’ என்று அழுத்தும் சுவிட்ச், வேறு சிங்காரம் ஒன்றும் கிடையாது. இன்றைக்கும் யாராவது கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன்.

18650 என்பது ஏதோ மாடல் எண் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழி உருளை வடிவத்துக்கு. அவ்வளவுதான். 21700-உம் அதே கணக்கு. இது தெரிந்த நாளில்தான் நான் டார்ச் வாங்குகிறவன் என்பதிலிருந்து செல் பராமரிக்கிறவனாக மாறினேன்.

டார்ச்சை அலங்காரமாக வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். கூடத்தில் கண்ணாடி அலமாரி. உள்ளே வரிசையாக 18 டார்ச்சுகள், எல்லாவற்றிலும் முழு சார்ஜில் செல். விருந்தாளிகள் பார்த்துவிட்டு, “பாத்திரக் கடை போல இருக்கிறதுங்க” என்றார்கள். ஒரு மழை இரவில் மின்சாரம் போனது. அலமாரியைத் திறந்து நான்கை எடுத்தேன். ஒன்று கண் சிமிட்டி அணைந்தது, இரண்டு எரியவே இல்லை, நான்காவதுக்கு எந்தப் பொத்தானை எத்தனை தடவை அழுத்துவது என்பது எனக்கே மறந்துவிட்டது. வீட்டுக்காரி இருட்டிலேயே நடந்துபோய் ஆணியிலிருந்து பழைய டார்ச்சை எடுத்து வந்தாள். “ஏனுங்க, இத்தனை லைட்டில் ஒன்றுகூடவா எரியவில்லை?” என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

காரணம் எளிது. பக்கவாட்டில் மென்மையான மின்னணுப் பொத்தான் வைத்த டார்ச்சுகள் அணைந்திருக்கும்போதும் துளித்துளியாக மின்சாரம் குடிக்கும். பொத்தான் எப்போது அழுத்தப்படும் என்று உள்ளேயிருக்கும் சில்லு காத்துக்கொண்டே இருக்கிறது. சிலவற்றில் இது ஆண்டுக்கணக்கில் தாங்கும் அளவு அற்பம். சிலவற்றில் சில மாதங்களில் செல்லை உறிஞ்சி எடுத்துவிடும். வால் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் போதும், சுற்று அறுந்துவிடும். மரையில் பூசியிருக்கும் அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் இது வேலை செய்கிறது. மரை பூச்சில்லாமல் வெறும் அலுமினியமாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது.

அந்தக் கால் சுற்றை நான் கற்றுக்கொண்டது படித்து அல்ல, ஒரு டி-ஷர்ட்டை எரித்து. நான்கு எல்.இ.டி. வைத்த, உள்ளங்கை அளவுள்ள ஒரு முரட்டு டார்ச்சைச் சாம்பிள் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, காட்ட வேண்டிய கறுப்பு டி-ஷர்ட் அதன் முகத்தோடு ஒட்டி மடிந்திருந்தது. எங்கோ ஒரு குலுக்கலில் பொத்தான் அழுந்தியிருக்கிறது. பல்லடம் தாண்டியதும் தீய்ந்த நூல் வாடை. பையைத் திறந்தால் நெஞ்சுப் பகுதியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை, சுற்றிலும் பழுப்பு வளையம். வெள்ளைத் துணியாக இருந்திருந்தால் ஒளியைத் திருப்பி அனுப்பியிருக்கும். கறுப்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அந்த பையரிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

செல்களுக்கு வருகிறேன். இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். லித்தியம் செல்லுக்கு இரண்டு பகைகள்: முழு வயிறும் வெக்கையும். இரண்டும் சேர்ந்தால் சும்மா கிடக்கும்போதே கிழடு தட்டிவிடும். எங்கள் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, பரணில், 4.2 வோல்ட் நிரப்பிய செல்லை வைப்பதைவிடக் கெடுதல் வேறில்லை. அடுத்த வாரம் எடுக்கப்போகாத செல்களை நான் 3.7-க்கும் 3.8-க்கும் இடையில், ஏறக்குறைய அரை வயிற்றில் நிறுத்தி, தரையை ஒட்டிய சிமென்ட் அலமாரியில் வைக்கிறேன். ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், உறைகள் எல்லாம் ஒரு மண் சட்டியில். படுக்கையறையில் கிடையாது. சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு தனிச் செல்லைப் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும்.

அமாவாசைக்கு அமாவாசை மல்டிமீட்டரோடு உட்காருவேன். தேதி போட்டு வைத்தால் மறந்துவிடுகிறது. அமாவாசை வீட்டில் யாருக்கும் மறப்பதில்லை. 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்ட செல்லை மறுபடி ஏற்றிப் பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். உறையில் வாங்கிய மாதம், ஆண்டு எழுதிய ஒட்டு நாடா. இரண்டு செல் ஒன்றாகப் போகும் டார்ச் என்றால் அவற்றுக்கு ஒரே நிறப் பொட்டு. ஜோடியைப் பிரிக்கக் கூடாது.

கொள்ளளவு 9,900 மில்லியாம்பியர்-மணி என்று அச்சடித்து மலிவாக விற்கும் 18650 செல்களை நானும் ஒருமுறை வாங்கினேன். நல்ல செல்லே 3,500-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்பது அப்போது தெரியாது. கம்பெனியில் துணியின் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பார்க்கும் தராசில் வைத்தேன். தெரிந்த நல்ல செல் 47 கிராம், இது 31. உள்ளே பாதி காற்றோ என்னவோ.

இனி, எந்த வெளிச்சம் எதற்கு என்பது. பெட்டியில் 3,000 லூமன் (மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை எரியவிட்ட 30-ஆவது நொடியில் அளப்பது வழக்கம். ஓரிரு நிமிடத்தில் சூடு ஏறியதும் டார்ச் தானாகவே அடங்கிவிடும். 1899-இல் அமெரிக்காவில் டேவிட் மிசெல் குழாய் வடிவ டார்ச்சுக்குக் காப்புரிமை பெற்ற காலத்துக் கட்டைகளால் தொடர்ந்து மின்சாரம் தர முடியவில்லை. மின்னவிட்டு மின்னவிட்டு அணைத்தார்கள், அதனால்தான் ‘ஃபிளாஷ் லைட்’ என்ற பெயரே. நூற்றிருபது வருடம் கழித்தும் பெட்டியில் அச்சிடும் எண் அந்த ஒரு மின்னலுக்குத்தான் பொருந்துகிறது. எனக்கு அதிகம் பயன்படுவது அதன் மறுமுனை: ஒரு லூமனுக்கும் குறைவான நிலா வெளிச்சம். தொட்டிலில் குழந்தை தூங்குகிறதா, ஈனப்போகும் மாடு படுத்துவிட்டதா என்று பார்க்க அதற்கு மேல் எதற்கு?

பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்காலின் முறைத் தண்ணீர் நடுச்சாமத்தில் வந்தாலும் போய் மடை திருப்பத்தான் வேண்டும். அதற்குத் தூரம் பாயும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்த்தான் ஒரு பாடம் படித்தேன். வாய்க்கால் அக்கரை பளிச்சென்று தெரிந்தது, காலடி தெரியவில்லை. வரப்பில் கட்டுவிரியன் ஒன்று என் செருப்புக்கு இரண்டு முழம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நடைக்கு அகலமாகச் சிந்தும், நிறக் கணக்கில் 4,000 கெல்வின் அளவில் கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த வெளிச்சம் மட்டும்தான். நீலம் பாரித்த 6,500 கெல்வினில் எங்கள் செம்மண் வெளுத்துப்போய்த் தெரியும், பாம்புக்கும் காய்ந்த ஓலைக்கும் வித்தியாசம் மங்கிவிடும்.

தூரம் பாய்வதற்கு இடம் பட்டி. கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) அடைத்த செம்மறிகளை நாய்க் கூட்டம் கடித்துப்போடும் கதை இங்கே எல்லா ஊரிலும் இருக்கிறது. கிளுவை வேலிக்கு அப்பால் வீசினால் கண்கள் மினுங்குவதை வைத்தே கூட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். பெட்டியில் போடும் தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: கேண்டிலாவின் (ஒளிக்கற்றையின் செறிவு) வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர். 90,000 கேண்டிலாவுக்கு 600 மீட்டர். ஆனால் அந்தத் தூரத்தில் கிடைப்பது 0.25 லக்ஸ், பௌர்ணமி நிலவளவு. எதையாவது உருப்படியாக அடையாளம் காண வேண்டுமானால் அதில் பாதியை நம்புங்கள். அங்கே நான்கு மடங்கு வெளிச்சம் கிடைக்கும்.

தொழிலுக்காக இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்கு மேல் உள்ளது. மலிவு எல்.இ.டி.யில் சிவப்பு பஞ்சம், அரக்கு நிறத் துணி பழுப்பாகத் தெரியும்; குடோனில் அப்படி ஒரு ரோலைப் பார்த்துவிட்டு ஷேடு தப்பு என்று திருப்பி அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். மற்றொன்று 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். ஒரே சட்டையின் முன்பக்கமும் கையும் கண்ணுக்கு ஒரே வெள்ளை. இதில் காட்டினால் ஒன்று நீலமாகக் கொழுந்துவிடும், ஒன்று செத்துக் கிடக்கும். வெளுப்பேற்றும் சாயம் வேறு என்று பொருள்.

அதே டார்ச்சை ஒரு நாள் மோட்டார் அறைக்குப் பின்னால் கல்கட்டில் அடித்தேன். பகலில் மொட்டைக் கல். இப்போது ஒரு பிளவில் பச்சை கலந்த நீலத்தில் கொடுக்கு, இன்னொன்றில் வால், கீழே குட்டி ஒன்று. எண்ணினேன், ஏழு தேள்கள், கோயில் சீரியல் பல்பு போல எரிந்தன. தேளின் மேலோட்டுக்கு இப்படி ஒளிரும் குணம் உண்டு. தோலுரித்த புதிதில் மட்டும் ஒளிராது. பார்க்க வந்த மாமா பக்கத்தில் நின்றார். திரும்பினால் வெள்ளைச் சட்டையும் வேட்டியும் தேள்களைவிடப் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தன, சோப்புத்தூள் உபயம். “மாப்பிள்ளை, என்னையும் சேர்த்து எண்ணிவிட்டீர்களா?” என்றார். இதைக் கண்ணில் மட்டும் அடிக்காதீர்கள், விளையாட்டுக்குக்கூட.

கண்ணாடி அலமாரிக்குப் பிறகு பஞ்சு வெட்டிய கருவிப்பெட்டி வாங்கினேன். ஒவ்வொரு டார்ச்சுக்கும் அதன் உருவத்தில் குழி. பார்க்க அழகு. மூன்றாவது கோடையில் பஞ்சு பிசுபிசுத்து உதிர ஆரம்பித்தது. இப்போதிருக்கும் ஏற்பாடு செலவில்லாதது: துணி ரோல் சுற்றிவரும் அட்டைக் குழாய்களை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, தேன்கூடு போல ஒட்டிப் பீரோவில் அடுக்கியிருக்கிறேன். டார்ச்சுக்கு உறை, கட்டிங்கில் மிஞ்சும் ரிப் துணி. இப்படித் தூங்குபவை 34. ஒன்றைத் தவிர எதிலும் செல் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி. வாசலின் சில ரப்பர்களை ஊதவைத்துவிடும் என்பதால் தொடுவதில்லை.

மீதி ஏழும் ஆணியில். தலைவாசல், சமையலறை, மோட்டார் அறை, பட்டி, கட்டுத்தரை, கழிப்பறை வழி, வண்டிச் சாவி மாட்டும் இடம். எந்த டார்ச் நல்லது என்று பார்த்து நான் வைக்கவில்லை. இருட்டில் கை எங்கே போகிறது என்று ஒரு மாதம் கவனித்து வைத்தேன். வீட்டில் உள்ளவர்களுக்கான ஆணிகளில் அமுக்கினால் எரிந்து அமுக்கினால் அணைவது மட்டும். இந்த விதியும் அனுபவத்தில் வந்தது. எத்தனை தடவை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வேலை மாறும் ‘ஆண்டூரில்’ என்ற மென்பொருள் கொண்ட டார்ச் ஒன்றை அப்பாவிடம் பெருமையாகக் கொடுத்திருந்தேன். அவர் மூன்று தடவை அழுத்திவிட்டார். அது நான்கு தடவை மின்னி, நிறுத்தி, ஒரு தடவை மின்னியது. 4.1 வோல்ட் என்று சொல்கிறது, பாவம். அப்பா அதைத் திருப்பிக் கொடுத்தார்: “கண்ணு, இது என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. நீயே வைத்துக்கொள்.”

அப்பாருவின் டார்ச்சுக்கும் இப்போது எல்.இ.டி. பல்பு போட்டாயிற்று. கட்டை பழைய துத்தநாகக் கட்டைதான். அது கசிந்தால் ஆப்ப சோடா கரைசலால் துடைக்க வேண்டும். ஆல்கலைன் கசிந்தால் நேர்மாறு, எலுமிச்சம்பழம். இந்த வித்தியாசம் தெரியாமல், அலுமினிய டார்ச் ஒன்றில் இரண்டு ஆல்கலைன் பேட்டரிகளை ஒன்றரை ஆண்டு மறந்துவிட்டு, கசிவில் சோடாவைக் கொட்டிக் காத்திருந்தேன். காரம் அலுமினியத்தையே தின்றிருக்கிறது. முதல் பேட்டரி வந்தது, இரண்டாவது உப்பிப்போய்க் குழாயோடு பிடித்துக்கொண்டது. குச்சியால் தட்டினேன், வெந்நீரில் போட்டேன், அசையவில்லை. கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்காரர் கடைந்து எடுத்துத் தருவதாகச் சொன்னார், ஆனால் ஆயுத பூஜை முடிந்து வரச் சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜைக்குத்தான் 41-உம் ஒன்றாக வெளியே வரும். பாய் விரித்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. சந்தனம் சுவிட்ச் ரப்பரின் ஓரத்தில் காய்ந்துவிட்டால் பல் துலக்கும் பிரஷ்ஷால்தான் எடுக்க வேண்டும் என்று தெரிந்தும் அம்மா தாராளமாகத்தான் வைப்பாள். இந்த முறை பேட்டரி சிக்கிக்கொண்ட டார்ச்சை வரிசையில் வைக்கவில்லை, பீரோவிலேயே விட்டுவிட்டேன். அம்மா எண்ணிப் பார்த்து, “ஒன்று குறைகிறதே” என்று போய் எடுத்து வந்து வைத்தாள்.