பழைய போர்ஷே 911-க்கு "முழு ஏசி செட்" வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

911, எஞ்சின் பின்பக்கம் இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். எடை குறையட்டும் என்று 1970-களின் 911-களிலிருந்து ஏசியைக் கழற்றிப் போட்டவர்கள் நிறையப் பேர். இன்று அதே வண்டிகளை வைத்திருப்பவர்கள் அதைத் திரும்ப மாட்ட அலைகிறார்கள். அமெரிக்காவில் வண்டி பிரித்து விற்பவர்கள் சிலருக்கு இது நல்ல வேட்டை. "கம்ப்ளீட் செட், டெஸ்ட் பண்ணியது, அப்படியே மாட்டலாம்" என்று சொல்லி விற்ற ஒரு பெட்டியைப் பிரித்தபோது அந்த மூன்றுமே பொய் என்று தெரிந்தது.

முதலில் கம்ப்ரஸர், அதாவது ஏசி கேஸை அழுத்தி ஓட்டும் பம்ப். விளம்பரத்தில் யார்க் கம்பெனியுடையது, பெட்டியில் டெக்கம்சே கம்பெனியுடையது. இரண்டும் இரட்டை சிலிண்டர், போல்ட் ஓட்டைகளும் ஒரே அளவு, போட்டோவில் வித்தியாசம் தெரியாது. உடம்பில் காந்தம் வைத்தால் தெரிந்துவிடும்: யார்க் அலுமினியம், டெக்கம்சே வார்ப்பிரும்பு. ஓடத்தான் செய்யும், ஆனால் ஏற்கெனவே பின்பக்கம் கனத்த வண்டியில், எஞ்சினில் தொங்கும் பிராக்கெட்டுக்கு இன்னும் பல கிலோ சுமை கூடும்.

அதைவிட மோசம், கம்ப்ரஸரில் கேஸ் நுழையும், வெளியேறும் இரண்டு வாயும் மூடியில்லாமல் திறந்தே கிடந்தன. எண்ணெயைச் சாய்த்து வெள்ளைத் துணியில் ஊற்றினால் கறுப்பு, நடுவே வெள்ளிப் பொடி மினுமினுப்பு. உள்ளே உலோகம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பொடி கம்ப்ரஸரோடு நிற்காது, கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் போயிருக்கும்.

"டெஸ்ட்" என்றால் என்ன? விற்றவர் அனுப்பிய வீடியோவில் 12 வோல்ட் கொடுத்ததும், கம்ப்ரஸரைப் பெல்ட்டோடு இணைக்கும் காந்த கிளட்ச் "டக்" என்று ஒட்டுகிறது, அவ்வளவுதான். அது காந்தச் சுருளுக்கான சோதனை. 3 முதல் 4 ஓம் காட்டும் எந்தச் சுருளும் அப்படி ஒட்டும். கம்ப்ரஸரைச் சோதிக்க கிளட்சின் முன்தட்டைக் கையால் சுற்றி, வெளியேறும் வாயைக் கட்டைவிரலால் அடைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் காற்று விரலைத் தள்ள வேண்டும். தடையே இல்லாமல் சுழன்றால், உள்ளே கேஸைத் திரும்ப விடாத ரீட் வால்வு போயிருக்கிறது.

அடுத்தது கூலிங் காயில், அதாவது வண்டிக்குள் வரும் காற்றைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுதி. புதுக் கறுப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. காயலான் கடைச் சாமானில் புது பெயின்ட் இருந்தாலே சந்தேகம் வர வேண்டும். அசிட்டோன் நனைத்த துணியால் யு-வளைவுகளைத் துடைத்தபோது பெயின்ட் கரைந்து, கீழே நகத்தளவு சாம்பல் நிற எபாக்ஸிக் கட்டி. வெல்டிங் இல்லை, பசை! குளிர்ந்து சூடாகும் ஒவ்வொரு முறையும் உலோகமும் பசையும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும். சீக்கிரமே விளிம்பு விட்டுவிடும். ஏசி ஓடாமல் வண்டி நின்றாலும் அழுத்தம் உண்டு: 38 டிகிரி சூட்டில், பழைய ஆர்-12 ஏசி கேஸுக்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸ் சுமார் 124 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) அழுத்தத்தில் இருக்கும்.

காயிலுக்குள் போகும் கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வின் மயிரிழைக் குழாய் கழற்றும்போதே ஒடிந்திருந்தது. அதற்குள் இருக்கும் கேஸ் போனால் வால்வு மூடியே இருக்கும். ரப்பர் ஹோஸ்கள் ரம்பத்தால் அறுத்தவை. அவை முழுசாக இருந்தாலும் பயனில்லை. ஆர்-12 காலத்து ஹோஸ் ஆர்-134ஏ-வைக் கசியவிடும், அதிலும் 911-ல் ஹோஸ் பின் எஞ்சினிலிருந்து முன்பக்கம் வரை ஓடுகிறது. உள்ளே கேஸ் கசியாத அடுக்கு உள்ள புது பேரியர் ஹோஸ்தான் போட வேண்டும்.

பெட்டியில் வராதது எது தெரியுமா? கம்ப்ரஸர் பிராக்கெட்டும் பெல்ட் புல்லியும். வேறெங்கும் எளிதில் கிடைக்காத சாமான் இவைதான். தனியாக விற்க அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை "செட்" என்று தள்ளிவிடுகிறார்கள். கேட்டால் "பழைய சாமான், திருப்பி எடுக்க மாட்டோம்" என்பதே பதில். நண்பருக்கு அனுப்புவது போல் பணம் அனுப்பச் சொல்லி வாங்கியிருந்ததால் புகார் கொடுக்கவும் வழியில்லை.

கூடவே "ஆர்-12-க்கு மாற்று" என்று லேபிள் இல்லாத கேஸ் டின் ஒன்றும் இருந்தது. இப்படி வரும் டின்களில் புரொப்பேன் கலவை இருக்கக்கூடும். ஆர்-12 வண்டியில் தீப்பிடிக்கும் கேஸ் போடுவதை அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. 911-ல் பெட்ரோல் டேங்கும் கூலிங் காயிலும் முன்பக்கத்தில் பக்கத்தில் பக்கத்தில் என்பதை நினைத்தாலே போதும்.

பழையதில் வாங்கத் தகுந்தவை பிராக்கெட், புல்லி, கூலிங் காயில் உட்காரும் பிளாஸ்டிக் பெட்டி, எஞ்சின் மூடியில் கண்டென்சரைப் பிடிக்கும் தகடுகள். கம்ப்ரஸர், ட்ரையர் (கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டப்பா), வால்வு, ஹோஸ், ஓ-ரிங் எல்லாம் புதிது. ட்ரையர் ஒருமுறை திறந்து கிடந்தால் ஈரம் குடித்துவிடும், அதற்கு மறுவாழ்வு கிடையாது.

ஹோஸ் முனையை இணைக்கும் ஃபிட்டிங்கில் ஒரு பொறி உண்டு. 6-ம் நம்பர் அளவில் ஃபிளேருக்கும் (கூம்பு அடைப்பது) ஓ-ரிங்குக்கும் (ரப்பர் வளையம் அடைப்பது) மரை ஒன்றே, 5/8-18 (5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18 மரை). அதனால் ஒன்றில் மற்றது அழகாக ஏறி இறுகும், ஆனால் அடைக்காது. வாயின் முனையைக் கிட்டத்தில் போட்டோ கேளுங்கள்: சரிந்த கூம்பு தெரிந்தால் ஃபிளேர், ஓ-ரிங் உட்காரும் நீட்டு மூக்கு தெரிந்தால் ஓ-ரிங்.

பழைய காயிலையே போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், வண்டியில் ஏற்றும் முன் உலர் நைட்ரஜனில் 150 பிஎஸ்ஐ ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பாருங்கள். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரைத் திறக்கக் கூடாது; ஆக்ஸிஜன் பக்கமே போகக் கூடாது. குமிழி வருகிறதா என்று யு-வளைவுகளில் முதலில் பாருங்கள்.