நாவல் அச்சிட்டுத் தரும் கடை: காசு கொடுத்தவனின் விமர்சனம்

எழுதி முடித்த நாவலை ஒன்றரை வருடம் கணினியிலேயே வைத்திருந்தேன். அப்பா காலத்தில் ஞாயிறு பதிப்பில் சிறுகதை வரும், நாலு பேர் திட்டுவார்கள், அப்படியே தேறி நாவலுக்கு வருவார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019இல் நின்றுபோனது. அதனால் நேராக அச்சகத்துக்கே போய்விட்டேன். பெயர் வேண்டாம், கோலாலம்பூரில் செந்தூல் பக்கம், கீழே பூக்கடை, மாடியில் இவர்கள். பக்கமைப்பு, அட்டை எல்லாம் சேர்த்து 300 பிரதிக்கு 4,500 வெள்ளி (ரிங்கிட்), பாதி முன்பணம்.

அச்சு வேலையில் குறையே இல்லை. 80 ஜிஎஸ்எம் பழுப்புத் தாள், நல்ல பசை. அம்மா அதைச் சமையலறையில் வைத்து ஒரு வாரம் புளிக்கையோடு புரட்டியும் ஓர் ஏடு கழன்று வரவில்லை.

மெய்ப்புதான், அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துவதுதான், தலைவலி. நான் பழைய எழுத்துருவில் தட்டியதை அவர்கள் யூனிகோடுக்கு மாற்றியதில் கொம்புகள் எல்லாம் இடம் மாறிவிட்டன. கோமதியின் இரட்டைக் கொம்பு முந்தின சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு முறைதான் இலவசமாகத் திருத்துவார்களாம், மூன்றாவது முறைக்குப் பக்கத்துக்கு ஒரு வெள்ளி. மாற்றியது அவர்கள், காசு என்னுடையது.

அப்புறம் பில்லில் ‘ஐஎஸ்பிஎன் 150 வெள்ளி’ என்று ஒரு வரி, நூலுக்கான அடையாள எண்ணுக்காம். தேசிய நூலகம் அதை இலவசமாகத்தான் தருகிறது, நாமே விண்ணப்பிக்கலாம். கேட்டால், “அது எங்க சர்வீஸ் சார்ஜ், தம்பி.” பதிப்பாளர் என்று என் பெயரையே போட்டுவிட்டார்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய நூலகத்துக்கு 5 பிரதி ஒப்படைக்க வேண்டியது பதிப்பாளர், அதாவது நான். அதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் நாவலை அந்தக் கடையில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. ஒற்று பார்த்தார்கள், கதை பார்க்கவில்லை. வெளியீடு நன்றாகவே நடந்தது. முதல் நூல் வாங்கிய டத்தோ (பட்டம் பெற்ற பிரமுகர்) கொடுத்த கவரில்தான் அச்சுச் செலவில் பாதி திரும்பியது (நம் ஊரில் ராயல்டி என்றால் அந்தக் கவர்தான்). நாலாம் நாள், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் போன் செய்தார். “தம்பி, பாட்டி நாலாம் அத்தியாயத்திலேயே போய்ச் சேர்ந்துட்டாங்களே, பத்தொன்பதுல வெத்தலை இடிக்கிறது யாரு?”

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று வருடம் எழுதினேன், பதினெட்டுத் தடவையாவது படித்திருப்பேன், என் கண்ணுக்குப் படவே இல்லை.

அச்சடிக்க மட்டும் என்றால் தாராளமாகப் போங்கள், நானும் மறுபடி அங்கேதான் போவேன், யூனிகோடு கோப்போடும் என் பெயரில் வாங்கிய ஐஎஸ்பிஎன்னோடும். அதற்கு முன்னால் அந்த டீச்சரிடம் பிரதியைக் கொடுத்துவிட்டு, தீபாவளியே தாண்டினாலும் சரி, காத்திருப்பேன். கடைகளில் போட்டு விற்றுத் தருவார்கள் என்று மட்டும் நம்பாதீர்கள், கட்டு கட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். மீந்த 64 பிரதி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எல்லாவற்றிலும் 173ஆம் பக்கத்தில் பாட்டியைப் பேனாவால் அடித்துப் பெரியம்மா ஆக்கி வைத்திருக்கிறேன்.