வெள்ளி நாணயமா, அரிய நாணயமா?

பழைய நாணயத்தில் பணம் போட நினைப்பவர்கள் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான்.

விலைப்போக்கு: சாதாரண வெள்ளி நாணயம் வெள்ளி விலையோடு ஏறும், இறங்கும். அரியதன் விலையை எண்ணிக்கையும் தேய்மானமும் முடிவு செய்யும். அமெரிக்காவின் பழைய வெள்ளி நாணயமான மார்கன் டாலரில், 1921இல் அடித்ததும், 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்ததும் ஒரே எடை, ஒரே 90% வெள்ளி. முன்னது கோடிக்கணக்கில் வந்தது. பின்னது 1 லட்சம்தான். 1893 நாணயத்தின் பின்பக்கம் மாலைக்குக் கீழே உள்ள, சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் குட்டி ‘எஸ்’ (S) எழுத்துக்குத்தான் அத்தனை விலை. அந்த எழுத்தை ஒட்டிவைத்த போலிகளும் உண்டு, கவனம்.

விற்பது: வெள்ளி எடைக்காவது போய்விடும். அரியதற்குச் சரியான ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பராமரிப்பு: அரியதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் விலை சட்டென்று விழும். தயவுசெய்து தொடாதீர்கள்.

அவசரத்துக்குக் காசாக்க வேண்டுமா, வெள்ளி. பல வருஷம் பொறுக்க முடியும், தரச்சான்றும் இருக்கிறது என்றால் அரியது.