வைத்த இடத்தில் நிற்காத வரம்பு

முள்ளியவளையில் கடை வைத்திருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், உன்ர சேர்வரில செய்திருக்கிற மாதிரி எனக்கும் ஒண்டு செய்து தருவியா?" அவன் கேட்டது, ஒரே மெஷினின் டிஸ்க் இடத்தை ஆளுக்கொரு வரம்பு போட்டுப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. ஒன்றரை வருடமாக அதைப் பாவிக்கிறேன். ஆனாலும் உடனே பதில் வரவில்லை.

கிளிநொச்சியில் எங்கள் கணினி வகுப்பில் ஒரே மெஷினில் மூன்று விஎம், அதாவது ஒரு கணினிக்குள் தனித்தனிக் கணினிபோல ஓடுபவை. பிள்ளைகளின் பயிற்சிக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, கேமராப் பதிவுக்கு ஒன்று. மூன்றின் கோப்புகளும் ஹோஸ்ட்டில் (அவற்றைத் தாங்கும் மெஷினில்) உள்ள ஒரே இசட்எஃப்எஸ் பூலில், அதாவது இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையின் பொதுச் சேமிப்பிடத்தில்; விஎம்கள் அதை எட்டுவது விர்ட்டியோஎஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு வழியாக. முதலில் கேமரா பூல் முழுவதையும் விழுங்கி, மாதக் கடைசியில் கணக்கைச் சேமிக்க முடியாமல் போனது. அப்புறம் ஆளுக்கொரு டேட்டாசெட் (பூலுக்குள் தனிப் பிரிவு), கேமராவுக்கு கோட்டா, அதாவது இட வரம்பு, 400 ஜிபி. ஒரே கட்டளை, எதையும் அணைக்கத் தேவையில்லை. விஎம்முக்குள் டிஎஃப் (டிஸ்க் இடத்தைக் காட்டும் கட்டளை) அடித்தால் 400 என்றே காட்டியது. கரண்ட் எத்தனையோ தரம் போய் வந்தும் ஒரு கோப்பு கெடவில்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

எரிச்சல் அந்த 400இல்தான். வரம்பு என்றால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது வயல் வரம்பு. இரணைமடுவில் தண்ணீர் குறைந்தால் சிறுபோகத்துக்குக் குறைந்த ஏக்கர்தான் கிடைக்கும், சரி. விதைத்த பிறகு யாரும் வரம்பை உள்ளே தள்ளி வைக்க மாட்டார்கள். இது தள்ளியது. 400 என்று காட்டியது 370 ஆனது, பிறகு 310. ஒரு மாதத்துக்குப் பின் பார்த்தால் மொத்த இடமே 40 ஜிபி!

காரணம் நான் தினமும் எடுத்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்துக் கோப்புகளை அப்படியே பிடித்து வைக்கும் பதிவு. கோட்டா அதையும் சேர்த்து எண்ணும், டிஎஃப் அதைக் கழித்த மிச்சத்தையே மொத்தமாகக் காட்டும். கேமரா மென்பொருள் 90 வீதம் நிரம்பினால் பழையதை அழிக்கும். அழித்தது ஸ்னாப்ஷாட்டுக்குள் கிடக்கும், மொத்த அளவு இன்னும் சுருங்கும், அது பதறி இன்னும் அழிக்கும். முப்பது நாள் பதிவு மூன்று நாளாகியது. ஒரு பெடியனின் சைக்கிள் தொலைந்து எட்டாம் நாள் தேடியபோதுதான் எனக்கே தெரிந்தது.

கோபத்தில் எல்லாவற்றையும் கழற்றப் போனவன், ஹோஸ்ட்டில் ஸ்னாப்ஷாட்டுகள் மறைந்திருக்கும் டாட் இசட்எஃப்எஸ் ஃபோல்டரைத் திறந்தேன். அன்றைய காட்சி அப்படியே இருந்தது. என் இடத்தைத் தின்ற அதே ஸ்னாப்ஷாட் சைக்கிளைக் காட்டிக் கொடுத்தது. யாரைத் திட்டுவது?

இப்போது ரெஃப்கோட்டா போட்டிருக்கிறேன். அது ஸ்னாப்ஷாட்டை எண்ணாது, 400 என்றால் 400. ஆனால் ஸ்னாப்ஷாட் பூலின் மற்ற இடத்தைத் தின்னும், அதனால் கேமராவுக்கு மட்டும் ஸ்னாப்ஷாட் எடுப்பதை நிறுத்திவிட்டேன். இரண்டு கோட்டாவுக்கும் வித்தியாசம் கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது. நான்தான் பிந்திப் படித்தேன். இருந்தாலும், பெட்டியின் மொத்த அளவே சுருங்குவதாகக் காட்டுவது என்ன கணக்கு என்று இன்றும் எரிகிறது.

ஒன்றரை வருடத்தில் கணக்கு விஎம் இடமில்லாமல் ஒரு நாளும் நிற்கவில்லை. என் மெஷினில் இதை மாற்றப் போவதும் இல்லை. நண்பனுக்கு மட்டும், "கேமராவுக்குத் தனி ஹார்ட் டிஸ்க் வாங்கு, கோட்டா கதையே வேண்டாம்" என்று அனுப்பிவிட்டேன்.