வின்டர் ஸ்லீப் டிவிடி: நாடகக்காரர் பார்க்க வேண்டிய நடிப்பு

‘வின்டர் ஸ்லீப்’ படத்தின் நாயகன், துருக்கி நடிகர் ஹலுக் பில்கினெர் 1954இல் இஸ்மிரில் பிறந்தவர். அங்காராவில் நாடகம் படித்து, லண்டனில் லாம்டா நாடகப் பள்ளியிலும் பயின்றார். பிபிசியின் ஈஸ்ட்எண்டர்ஸ் தொடரில் மெஹ்மெட் ஒஸ்மானாகப் பெயர் எடுத்த பிறகும் துருக்கி மேடையை விடவில்லை. 1999இல் இஸ்தான்புல்லில் சுஹால் ஒல்ஜாயுடன் சேர்ந்து ஒயுன் அத்தோல்யெசி நாடகக் குழுவைத் தொடங்கினார். 2019இல் ‘ஷாசியெட்’ தொடருக்காக சர்வதேச எம்மி விருது கிடைத்தது.

அவருடைய நடிப்பை ஆற அமரப் பார்க்க இயக்குநர் நூரி பில்கே ஜெய்லானின் ‘வின்டர் ஸ்லீப்’ தான் நல்ல தெரிவு. 2014இல் கான் திரைப்பட விழாவில் உயரிய விருதான தங்கப்பனையை வென்ற படம், 196 நிமிடம். விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்த்த முல்லைத்தீவுச் சனத்துக்கு அது பெரிய நேரமில்லை.

துருக்கியின் கப்படோக்கியாப் பகுதியில் விடுதி நடத்தும் முன்னாள் நடிகர் அய்டின் வேடம் அவருக்கு. மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறார், பின்னால் சாய்ந்து கிடக்கும் சகோதரி வார்த்தையால் குத்துகிறார். அய்டின் குரலை உயர்த்துவதில்லை. ஒரு சின்னச் சிரிப்பு, பிறகு பதில். அந்தச் சிரிப்பிலேயே ஆளின் அகங்காரம் முழுக்கத் தெரிந்துவிடும். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று தொண்டையைத் திறந்தே பழகிய எங்கள் நடிகர்கள் இந்தக் காட்சியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

டிவிடிகளை உலகப் பகுதிவாரியாக வலயம் பிரித்துத்தான் விற்கிறார்கள். லண்டனிலிருந்து வரும் டிவிடி பெரும்பாலும் 2ஆம் வலயத்துக்குரியது. இலங்கை 5ஆம் வலயம். எல்லா வலயமும் வாசிக்கும் பிளேயர் இல்லாவிட்டால் டிஸ்க் ஓடாது. மடிக்கணினியில் விஎல்சி என்ற மென்பொருள் போட்டுப் பார்ப்பது சுலபம், ஆனால் கணினியின் டிஸ்க் டிரைவே வலயம் பார்த்து மறிப்பதும் உண்டு. வசனம் மெலிதாகவும் இசை பலமாகவும் கேட்டால் ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த 5.1 ஒலித்தடம்தான் காரணம்: பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போகும், அது உங்களிடம் இருக்காது. ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள்.

சனசமூக நிலையத்தில் புரொஜெக்டரில் போடுவதென்றால் நன்றாக இருட்டிய பிறகே போடுங்கள். விளக்கொளியில் எடுத்த உட்காட்சிகள் அதிகம், கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் முகம் தெரியாது. இடைவேளை விடச் சகோதரியோடான வாக்குவாதம் முடிகிற இடம் பொருத்தம். ஆங்கில வசனவரி வேகமாக ஓடும், வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்குக் கதைச்சுருக்கத்தை முதலே சொல்லிவிடுங்கள்.

அடுத்து தேட வேண்டியது ஜெகி தெமிர்குபுஸ் இயக்கிய ‘மசுமியெட்’ (1997). அதில் பெகிர் என்ற பாத்திரமாக பில்கினெர் பேசும் நீண்ட தனிப்பேச்சு ஒன்று போதும். ஆனால் அது பெரியவர்களுக்கான படம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட வேண்டாம்.