கேட்காமல் நுழையலாமா, அனுமதி வாங்கணுமா? பிட்காயினும் ஃபேப்ரிக்கும்

பல கணினிகள் ஒரே கணக்கேட்டைப் பகிர்ந்து வைத்திருக்கும் பிளாக்செயின் என்றாலே அதிகாரம் பரவலாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே நுழைய யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

பிட்காயினில் யாரையும் கேட்க வேண்டாம். 2009 ஜனவரியில் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். பழைய கணினியில் 1 டெராபைட் வட்டு ஒன்றை மாட்டி, மென்பொருளை இறக்கி ஓடவிடுங்கள். முதல் பிளாக்கிலிருந்து, அதாவது முதல் பரிவர்த்தனைத் தொகுப்பிலிருந்து, ஒவ்வொரு பரிவர்த்தனையையும் உங்கள் கணினியே சரிபார்க்கும். பெயர் வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம். சரி, இதற்கு விலையும் உண்டு. சராசரியாகப் 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக்தான். பரிவர்த்தனைகள் எல்லாம் ஊரறியக் கிடக்கும். பணத்தைத் திறக்கும் ரகசியச் சாவி எண் தொலைந்தால் முறையிட ஆளில்லை. புதிய பிளாக்குகளைச் சேர்க்கும் வேலையான மைனிங் சில பெரிய கூட்டங்களிடம் குவிந்திருப்பது எனக்கு உண்மையான கவலை.

நிறுவனங்களுக்கான பிளாக்செயின் மென்பொருளான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கில் டிஜிட்டல் அடையாளச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே போக முடியாது. யார் எழுதலாம், யார் படிக்கலாம் என்பதை உறுப்பு நிறுவனங்கள் முன்பே வகுத்துவிடுகின்றன. இரண்டு நிறுவனங்கள் மட்டும் பார்க்கும்படி தனிச் சேனல் வைக்கலாம். வேகமும் அதிகம். ஆனால் சான்றிதழை ரத்து செய்தால் நீங்கள் வெளியே.

ஃபேப்ரிக்கில் இயங்கிய டிரேட்லென்ஸ் என்ற கப்பல் சரக்குக் கண்காணிப்புத் தளத்தை 2018இல் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் கணினி நிறுவனமான ஐபிஎம்மும் தொடங்கின. போட்டிக் கப்பல் நிறுவனங்கள் முதலில் தயங்கின. 2022 நவம்பரில் அதை மூடப்போவதாக அந்த இருவரே அறிவித்தார்கள். பிட்காயினை அப்படி மூட யாராலும் முடியாது.

மருத்துவப் பதிவுக்கு நான் ஃபேப்ரிக்கைத்தான் எடுப்பேன். யாரும் முடக்கக் கூடாத பணத்துக்குப் பிட்காயின்தான்.