இரண்டு லைன், ஒரு ரவுட்டர்: மூன்றாண்டு அனுபவம்

2022 இல் மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவை மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டினார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் வீட்டு நெட் ஆறு முறை அறுந்தது. நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன். மனைவி மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறார். போன் ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சமாளிப்பது? வேறொரு நிறுவனத்திடம் இரண்டாவது ஃபைபர் லைன் போட்டு, இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கும் ரவுட்டர் ஒன்றை வாங்கினேன். ஐந்து போர்ட், ஒரு யூஎஸ்பி, விசிறி இல்லாத சின்ன உலோகப் பெட்டி. வைஃபை அதில் கிடையாது, பழைய ரவுட்டரை வைஃபைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

மாட்டிய அன்றே ஒரு சிக்கல். இரண்டு மோடமும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தன. இரண்டு பக்கமும் ஒரே முகவரி வரிசை என்றால் ரவுட்டர் குழம்பிவிடும். இரண்டாவது மோடத்தை 192.168.2.1 க்கு மாற்றியதும் சரியானது.

உண்மையான சோதனை பத்து நாள் கழித்து வந்தது. முதல் லைன் அறுந்து, மோடத்தில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறது. ரவுட்டரோ "லைன் நன்றாக இருக்கிறது" என்று பச்சை காட்டிக்கொண்டு, வரும் போக்குவரத்தையெல்லாம் அந்தச் செத்த லைனுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. ஃபைபர் அறுந்தாலும் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒயர் உயிரோடுதானே இருக்கிறது! ரவுட்டர் பார்த்தது அந்த ஒயரை மட்டும்தான். இரண்டு லைன் ரவுட்டர் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: லைன் உயிரோடு இருக்கிறதா என்று அது எதை வைத்து முடிவு செய்கிறது?

செட்டிங்ஸில் பிங் சோதனையை, அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பதை, இயக்கினேன். 8.8.8.8, 1.1.1.1 என்று வெளியே இருக்கும் முகவரிகளை ஒவ்வொரு லைன் வழியாகவும் தட்டிப் பார்க்கும். மோடத்தையே பிங் செய்ய வைத்தால் பயனில்லை, அது எப்போதும் பதில் சொல்லும். மூன்று விநாடிக்கு ஒரு முறை, தொடர்ந்து நான்கு முறை பதில் வராவிட்டால் லைன் போய்விட்டதாகக் கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஆக, அறுந்ததிலிருந்து மாறுவதற்குப் பன்னிரண்டு விநாடி ஆகும். இதைவிடக் குறைத்துப் பார்த்தேன். லேசாகத் தடுமாறினாலே லைன் மாறி மாறித் தாவியது. திரும்பி வரும்போதும் அவசரம் கூடாது. முதல் லைன் ஐந்து நிமிடம் நிலையாக இருந்த பிறகுதான் அதற்குத் திரும்ப வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

மாறும்போது என்ன நடக்கும்? வெளியுலகுக்கு நம் வீட்டு ஐபி முகவரி மாறிவிடும். பழைய முகவரியில் திறந்திருந்த டிசிபி இணைப்புகள் (தளங்களோடு நம் கருவிகள் வைத்திருக்கும் தொடர்புகள்) எல்லாம் அறுந்துபோகும். வெறுமனே இணையப் பக்கங்கள் படித்துக்கொண்டிருந்தால் தெரியவே தெரியாது. வீடியோ வகுப்பு உறைந்து நின்று, தானாக மறுபடி சேர்ந்துகொள்ளும். பிள்ளைகள் "மிஸ், இப்ப கேக்குது" என்பார்கள். பெரிய ஃபைல் ஏற்றிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் முன்பெல்லாம் விழுந்து, மறுபடி லாகின் கேட்கும். வயர்கார்டு என்ற விபிஎன் வகைக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. முகவரி மாறினாலும் அது இணைப்பை விடாமல் தொடரும்.

லைன் முழுதாகச் செத்தால் ரவுட்டர் சமாளித்துவிடுகிறது. பாதி செத்த லைன்தான் கொடுமை. அனுப்பும் பத்து பாக்கெட்டில் (தரவுத் துண்டுகளில்) மூன்று தொலையும், ஆனால் நடுநடுவே பிங் பதில் வந்துவிடும். ரவுட்டருக்கு லைன் நன்றாக இருப்பதாகத் தோன்றும், நமக்கோ எதுவும் ஓடாது. அந்த நேரத்தில் இன்றும் கையால்தான் ஒயரைப் பிடுங்குகிறேன்.

அப்புறம் லோட் பேலன்சிங், அதாவது போக்குவரத்தை இரண்டு லைனுக்கும் ரவுட்டரே பங்கிடுவது. முதல் லைன் 100 எம்பிபிஎஸ், இரண்டாவது 50. சேர்த்தால் 150 என்றுதான் நானும் நினைத்தேன். வேகச் சோதனையில் 140 வரை காட்டவும் செய்தது, ஏனென்றால் அது ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கிறது. ஆனால் ஒரு இணைப்பு ஒரு லைனில்தான் போகும். பெரிய ஃபைல் ஒன்றை இறக்கினால், அது எந்த லைனில் போகிறது என்பதைப் பொறுத்து 100 அல்லது 50, அவ்வளவுதான்.

வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை வங்கித் தளத்தில் வந்தது. லாகின் ஒரு லைனில், அடுத்த பக்கம் இன்னொரு லைனில். நடுவில் ஐபி மாறியதும் பாதுகாப்புக்காக வெளியே தள்ளிவிட்டது. ஓடிபி போட்டு முடித்தவுடன் "செஷன் முடிந்தது" என்று வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒரு கருவியின் இணைப்புகளை ஒரே லைனில் பிடித்து வைக்கும் வசதி ரவுட்டரில் இருந்தது. அதைப் போட்டதும் குறைந்தது.

கடைசியில் தானியங்கிப் பங்கீட்டையே நிறுத்திவிட்டேன். மடிக்கணினிகள் முதல் லைன். டிவி, கேமரா, போன்கள் இரண்டாவது லைன். எது அறுந்தாலும் அதன் கருவிகள் மற்றதற்குப் போகும். யாராவது படம் பார்த்தால் வகுப்பு திக்குவதில்லை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த ஏற்பாடு. இப்படி விதி எழுதும்போது, அந்த லைன் விழுந்தால் மற்றதைப் பயன்படுத்தலாம் என்ற தேர்வையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். நான் முதலில் அதைப் போடாமல் விட்டதால் ஒரு நாள் முழுக்க டிவியில் நெட் இல்லை.

ஐபி முகவரியின் புதிய வகையான ஐபிவி6 ஐ அணைத்து வைத்திருக்கிறேன். முதல் லைன் கொடுத்த ஐபிவி6 முகவரியை, அது அறுந்த பிறகும் கருவிகள் பிடித்துக்கொண்டு தொங்கின. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸும் பொதுவானதாக இருக்கட்டும். ஒரு நிறுவனத்தின் டிஎன்எஸ், இன்னொரு நிறுவனத்தின் லைன் வழியாகக் கேட்டால் பதில் சொல்லாமல் போகலாம்.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் மோடம் அணைந்து எழுந்தால் இரண்டு நிமிடம் போய்விடும். இரண்டு மோடம், ரவுட்டர், வைஃபை பெட்டி என நான்குக்கும் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் வைத்திருக்கிறேன்.

ரவுட்டரால் முடியாதது ஒன்று உண்டு. ஒரு நாள் உயரமாகச் சரக்கு ஏற்றி வந்த லாரி, தெருமுனையில் தொங்கிய கேபிள்களை மொத்தமாக இழுத்துக்கொண்டு போனது. என் இரண்டு லைனும் அதில்தான் இருந்தன. நிறுவனம் இரண்டு, கம்பம் ஒன்று. லைன் போடும்போதே கேட்டிருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரம் போய், இரண்டு ஃபைபரும் சேர்ந்தே நின்றன. அதற்குப் பிறகு யூஎஸ்பியில் ஒரு 4ஜி டாங்கிள் செருகினேன். இரண்டும் விழுந்தால் மட்டும் அது எழும், டிவிக்கு அதில் அனுமதி இல்லை.

இரண்டாவது லைனின் ஆண்டுச் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. அதைப் புதுப்பிக்காமல், மொட்டைமாடியில் வைக்கும் 5ஜி இணைப்புக்கு மாறலாமா என்று பார்க்கிறேன். மாடியில் சிக்னல் எப்படி என்று போனை வைத்து ஒரு வாரம் அளந்துவிட்டு முடிவு செய்வேன்.